என். பூங்குழலி

ஹனூர்
10.6.2024

பூங்குழலிக்கு உன் அண்ணன் அருண்ராஜ் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உயிரோடுதான் இருக்கிறோம். அங்கே நீ சௌக்கியமா என்று கேட்டு எழுதுவது முறை. கேட்டுவிட்டேன்.

என்ன, கவரைப் பார்த்ததும் கை நடுங்குகிறதா? நடுங்கட்டும். பதினாலு மாசமாக நீ எந்தக் கிணற்றில் விழுந்தாயோ என்று ஊர் ஊராகத் தேடினோம். நீ என்னடாவென்றால் மைசூரில், சாமுண்டிபுரம் நாலாவது கிராஸ், பன்னிரண்டாம் நம்பர் வீட்டு மாடியில் ஜம்மென்று குடியிருக்கிறாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயா?

நீ ஓடிப்போன மறுவாரமே உன் புருசன் சுரேந்தர் வந்து அவன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் தங்கச்சி என்றால் என் பொண்டாட்டி சோனியா. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. ஒரே பந்தலில் இரண்டு தாலி ஏறியதை நீயும்தானே பார்த்தாய்? "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு எங்கடா? அது வந்தாத்தான் இது வரும்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, என் மகள் மனிஷாவையும் தூக்கிக்கொண்டு போனான். போன மாசம் சாமராஜநகரில் ரோட்டில் பார்த்தேன். மூணு வயசுக் குழந்தை, என்னைக் கண்டதும் சோனியா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வயிறு எரியுது எனக்கு. அவளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தாய்மாமன் சுரேந்தர். கொடுப்பானா மடியை?

ஆகையால் கேட்டுக்கொள். ஆடிப்பதினெட்டுக்குள் நீ சுரேந்தர் வீட்டு வாசலில் போய் நிற்கணும். இல்லையென்றால் இந்த விலாசத்தை அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன். பிறகு அவன் பாடு, உன் பாடு.

இன்னொன்று. உன் பேருக்கு முன்னால் 'என்.' என்று ஒரு இனிஷியல் ஓடுகிறதே, அது எவனுடையது? அப்பா தொட்டையன், அதற்கு 'டி.' புருசன் சுரேந்தர், அதற்கு 'எஸ்.' நடுவில் இந்த 'என்.' யாரு? நாகராஜா? நஞ்சுண்டனா? அவன் பேரைச் சேர்த்துப் போட்டுக்கொள்கிற அளவுக்குத் துணிந்துவிட்டாயா?

அந்தியூரில் மாமன் வீட்டில் தங்கிப் படித்த தமிழ் கையை விடமாட்டேன் என்கிறது. கவரில் விலாசத்தை முழுசாகத் தமிழில் எழுதிவிட்டேன். மைசூர் தபால்காரன் இதை எப்படிப் படிப்பான் என்று அப்புறம்தான் உறைத்தது. அதைச் சுருட்டி எறிந்துவிட்டு, இன்னொன்றில் கன்னடத்தில் எழுதினேன். உன்னால் ஒரு கவரும் தண்டம்.

இப்படிக்கு,
உன்னைத் தங்கை என்று வெளியில் சொல்லக் கூசும்
அருண்ராஜ்


மைசூரு
24.6.2024

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, பூங்குழலி வணக்கத்துடன் எழுதுவது.

நலம். மழை பிடித்தால் இடது மணிக்கட்டு வலிக்கும், மற்றபடி நலம். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது?

கை நடுங்குகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நடுங்கியது. நான் இங்கே ஒரு இரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற கை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு யாருக்கும் குத்த முடியவில்லை, லீவு போட்டேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று இதை எழுதுகிறேன்.

சுரேந்தர் வீட்டு வாசலில் நான் போய் நிற்க மாட்டேன். அந்த வீட்டுக் கதவு இடுக்கில் என் கையை வைத்துத்தான் அவன் கதவைச் சாத்தினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளுங்க" என்று பதில் வந்தது. சுரேந்தர் அப்போது அங்கே இல்லை. சொன்னது நீங்கள்.

மனிஷாவை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோனியா அண்ணியிடம் "வருகிறாயா?" என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டீர்களா? அவளை அவள் அண்ணன் பிடித்து வைத்திருக்கிறான் என்றே எழுதுகிறீர்கள். ஆடு மாடா பிடித்து வைக்க?

இனிஷியல் யாருடையது என்று யோசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர்தான்.

எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். இந்த விலாசம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

இப்படிக்கு,
பூங்குழலி


ஹனூர்
5.7.2024

பூங்குழலிக்கு,

நலம். அம்மா முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

என்ன புதுசாக 'நீங்கள்', 'உங்கள்'? "ஏண்ணா, வாண்ணா" என்று கூப்பிட்ட வாய்தானே அது? மைசூர் தண்ணி ஒரு வருசம் குடித்ததும் மரியாதை பொங்கி வழியுதாக்கும். இந்த மரியாதையில் கால்வாசியைப் புருசனிடம் காட்டியிருந்தால் கதவும் சாத்தியிருக்காது, கையும் உடைந்திருக்காது.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறாய். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உன்னை அக்ரஹாரா சர்க்கிளில் பார்த்திருக்கிறார். பின்னாலேயே வந்து வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பேர் சொல்லமாட்டேன். உன் கண்ணுக்குப் படாமல் உன்னைப் பார்க்கிற ஆட்கள் எனக்கு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

சோனியாவைக் கேட்க வேண்டுமாம்! என் பொண்டாட்டியை நான் என்ன கேட்பது? அவள் அண்ணனுக்குப் பயந்துகொண்டு கிடக்கிறாள். விதைக்கடையில் நான் உட்கார்ந்தால் வருகிறவன் எல்லாம் "ஊட்டுக்காரி இன்னும் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மக்காச்சோள விதை கேட்கிறான். நான் யாருக்கென்று பதில் சொல்வேன்? நீ ஒருத்தி பண்ணின வேலைக்கு இங்கே ஒரு குடும்பமே நாறிக்கொண்டு கிடக்கிறது.

ஆடிப்பதினெட்டை மறந்துவிடாதே.

அருண்ராஜ்


மைசூரு
22.7.2024

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நலம். நீங்கள் நலமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் ஊர்க்காரர் பின்னால் வந்தார், வீட்டைப் பார்த்தார், சரி. இனிஷியலை எங்கே பார்த்தார்? என் நெற்றியில் எழுதியிருந்ததா? லேபில் எனக்கு 'டி.' பழைய ஆதாரில் 'எஸ்.' வீட்டுக்காரம்மா சித்தம்மாவுக்கு நான் வெறும் பூங்குழலி. 'என்.' என்று போட்ட அட்டை ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. மைசூர் வந்தபிறகு நான் எடுத்த பான் கார்டு. அதையும் ஒரே ஒரு இடத்தில்தான் நீட்டினேன், தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கிய கடையில்.

லேபில் என்னோடு வேலை செய்யும் கனகாக்காவிடம் இதைச் சொன்னேன். அவர்தான் விளக்கினார். கடன் வாங்குகிறவர்கள் எல்லோருடைய ஜாதகத்தையும் சேர்த்து வைக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதாம். யார் எதைத் தவணையில் வாங்கினாலும் பேர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கடன் கொடுக்கிற ஆபீஸ்காரர்கள் பாஸ்வேர்டு போட்டு அதைப் பார்க்கலாம். ஆனால் எந்த ஆபீஸ், எந்தத் தேதியில், எதற்காகப் பார்த்தது என்பதும் அதிலேயே விழுந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை அதை நமக்குச் சும்மாவே காட்டுவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை உங்கள் சிநேகிதர் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

எடுத்துப் பார்த்தேன். மே 28ஆம் தேதி, சாமராஜநகரில் ஒரு டிராக்டர் கடன் ஆபீஸ் என் ஜாதகத்தைப் பார்த்திருக்கிறது. காரணம், நான் டிராக்டர் வாங்கக் கடன் கேட்டேனாம். மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்கவே ரெண்டு மாசம் யோசிக்கிறவள் நான்!

அந்த ஆபீஸில் வேலை பார்ப்பது யார்? உங்களோடு பத்தாவது படித்த கவின்ராஜ். என் ஆதார் நகல் எங்கே கிடக்கிறது? நம் வீட்டுப் பீரோவில். அதற்குமேல் நான் சொல்ல வேண்டுமா?

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த விலாசம் சுரேந்தருக்குப் போகாது என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். போனால், இந்தக் காகிதத்தோடு நேராக மைசூர் சைபர் போலீஸுக்குப் போவேன். கவின்ராஜ் வேலையும் போகும், நீங்களும் ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள்.

அம்மாவுக்கு முழங்காலில் தடவ ஒரு தைலம் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதையாவது அவள் கையில் கொடுங்கள்.

பூங்குழலி


ஹனூர்
8.8.2024

பூங்குழலிக்கு,

ஆடிப்பதினெட்டு போய்விட்டது. நீ வரவில்லை. தைலம் வந்தது, அம்மாவிடம் கொடுத்தேன்.

சரி, கவின்ராஜ்தான் பார்த்துச் சொன்னான். அதற்கு என்ன இப்போது? கொலையா பண்ணிவிட்டோம்? உன் வீட்டில் புகுந்து எதையாவது தூக்கிக்கொண்டு வந்தோமா? அது மேனேஜருடைய பாஸ்வேர்டு. ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் அதையேதான் அடிக்கிறார்களாம். "மாப்பிள்ளை பாக்கறவிய எல்லாம் வந்து பையனோட கணக்கப் பாத்துச் சொல்லுன்னு கேக்கறாங்கப்பா. ஜாதகம் பாக்கறாப்பல ஆயிப்போச்சு" என்று சிரிக்கிறான் அவன். ஊரே பண்ணுகிற வேலை. என் தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று நான் பார்த்தது மட்டும் உனக்குத் திருட்டாகத் தெரிகிறதா?

கவின்ராஜுக்கு ரெண்டு பிள்ளைகள். அவன் வேலையில் மண்ணைப் போடாதே. அவன் கொடுத்த காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனிமேல் பார்க்கமாட்டோம். மாதேஸ்வரன் மலைக்கு வந்து சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுகிறேன். போதுமா?

மனிஷா இப்போது நன்றாகப் பேசுகிறாளாம். சுரேந்தரை 'அப்பா' என்று கூப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். மாமன் என்று சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை போல. இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உனக்கென்ன, நீ ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறாய்.

அந்த 'என்.' யார் என்று நீ இன்னும் சொல்லவில்லை.

அருண்ராஜ்


மைசூரு
19.8.2024

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நலம். தைலத்தைக் காலையிலும் சாயங்காலமும் தடவச் சொல்லுங்கள்.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை படித்தேன். காகிதத்தைக் கிழித்தீர்கள், சூடம் அணைப்பீர்கள், கவின்ராஜுக்கு ரெண்டு பிள்ளைகள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. விலாசம் சுரேந்தருக்குப் போகுமா, போகாதா? அதற்கு மட்டும் பதில் இல்லை.

போகட்டும். நான் வீடு மாற்றுகிறேன். புது விலாசம் உங்களுக்குத் தரமாட்டேன். கனகாக்கா ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார். போகிற வீட்டுக்கு ஒரு மிக்ஸியும் தவணையில் எடுத்துவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்குழலி


ஹனூர்
25.9.2024

அன்புள்ள தங்கை பூங்குழலிக்கு அண்ணன் அருண்ராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமறிய ஆவல். மழை நன்றாகப் பெய்திருக்கிறது. அம்மா முழங்காலுக்குத் தைலம் நன்றாகக் கேட்கிறது, நடக்கிறாள்.

உன் புது விலாசம் எனக்குத் தெரியாது. அதனால் பழைய விலாசத்துக்கே போடுகிறேன். சித்தம்மா என்று வீட்டுக்காரம்மா பேர் எழுதியிருந்தாயே, அவர் உன்னிடம் சேர்த்துவிடுவார் என்ற நம்பிக்கை.

கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. தசரா வருகிறது, மைசூரில் கூட்டம் தாங்காது. லேபில் வேலை அதிகமா? ஞாயிற்றுக்கிழமையாவது லீவு உண்டல்லவா? அன்றைக்கு மத்தியானம் எங்கும் சுற்றாமல் வீட்டிலேயே இருந்து நன்றாக ஓய்வெடுத்துக்கொள்.

சோனியாவும் குழந்தையும் சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடியும்.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்
அருண்ராஜ்


மைசூரு
14.10.2024

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நலம். நான் வீடு மாற்றவில்லை. உங்கள் அன்பான கடிதம் என் கைக்கே வந்தது. மூன்று கடிதத்தில் நீங்கள் கேட்காத என் ஓய்வைப் பற்றி நாலாவதில் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கனகாக்காவிடம் அப்படியே எடுத்துப்போய்க் காட்டினேன். அன்றிலிருந்து என்னைச் சித்தம்மா தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டார்.

மிக்ஸி வாங்கினேன் என்று எழுதினேனே, அது உண்மை. தவணைப் படிவத்தில் என் விலாசமாகக் கனகாக்கா வீட்டு நம்பரைக் கொடுத்தேன், அவர் சம்மதத்தோடுதான். அந்த விலாசத்தை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. நீங்கள் மறுபடி பார்க்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுரேந்தர் வந்தான். காரில், இன்னும் ரெண்டு பேரோடு. கனகாக்காவின் வீட்டுக்காரர் லுங்கியும் பனியனுமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்திருக்கிறார். பெல் அடித்தது, எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"என். பூங்குழலி இருக்குதா?"

"யாரப்பா நீனு? ஏனு பேக்கு?" என்று, நீ யார், என்ன வேண்டும் என்பதை இவர் கன்னடத்தில் கேட்டிருக்கிறார்.

சுரேந்தரின் கண் கதவோரம் இருந்த பெயர்ப்பலகைக்குப் போனது. நிங்கராஜு என்று இருக்கிறது. அவ்வளவுதான். "ஓகோ, நீதானாடா அந்த என்னு!" என்று பனியனைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்து, கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டான்.

நிங்கராஜு அண்ணா தலைமைக் காவலர். அது போலீஸ் குவார்ட்டர்ஸ். சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து ரெண்டு பேர், மேல் வீட்டிலிருந்து மூன்று பேர், எல்லோரும் சாப்பிட்ட கையோடு வந்தார்களாம். கேட்டில் பெரிய போர்டு இருக்கிறது. அதைப் படிக்கிற நிதானத்தில் உங்கள் மச்சான் இல்லை.

கார் டிக்கியில் ஒரு கயிறும், சீட்டில் என் கல்யாணப் போட்டோவும் இருந்தன. சுரேந்தர் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் கடன் ஜாதகத்தின் நகல். செப்டம்பர் 21 தேதி, அதே சாமராஜநகர் ஆபீஸ். இந்த வருடம் நான் கேட்கிற ரெண்டாவது டிராக்டர் இது. ஓரத்தில் பேனாவால் 'ஞாயிறு மத்தியானம் இருப்பாள்' என்று எழுதியிருந்தது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்தியூரில் என் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுப் பேர் எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே.

நான் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக அந்த 'என்.' பற்றி. பான் கார்டு படிவத்தில் அப்பா பெயரா, அம்மா பெயரா என்று கேட்டிருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் நீங்கள் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னபோது, "பொய் சொல்லாதடா, புள்ள கை அது" என்று சொன்னவள் ஒருத்திதான். "நீ கம்முனு இரு" என்று அவளை அதட்டினீர்கள். அவள் பெயரைப் போட்டேன். நாச்சம்மாள். நாகராஜ் வரைக்கும், நஞ்சுண்டன் வரைக்கும் போன உங்களுக்கு, உங்களைப் பெற்றவள் பெயர் நினைவுக்கு வரவே இல்லை.

அண்ணி வந்துவிட்டாளா? என் விலாசத்துக்குப் பதிலாகத் தருவதாகத்தானே பேச்சு?

என். பூங்குழலி


ஹனூர்
20.11.2024

பூங்குழலி,

நலம் விசாரிக்க இங்கே ஒரு எழவும் இல்லை.

உன் புருசன் ஜெயிலில். கவின்ராஜுக்கு வேலை போய்விட்டது. அவன் பொண்டாட்டி என் கடை முன்னால் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். எனக்கு ரெண்டு முறை நோட்டீஸ் வந்து மைசூருக்கு அலைந்தேன். திருப்திதானே? நல்லா இரு.

சோனியா வரவில்லை. சுரேந்தர்தான் உள்ளே போய்விட்டானே, இனி யார் தடுப்பது என்று நேரே போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். "தங்கச்சி விலாசத்தக் குடுத்து என்னைய மீட்க வந்தீங்க. நாளைக்கு என்ற விலாசத்த யாருக்குங்க குடுப்பீங்க?" என்று கேட்டாள். எங்க அண்ணன் பண்ணினதும் தப்பு, நீங்க பண்ணினதும் தப்பு, ரெண்டு வீடும் எனக்கு வேண்டாம் என்கிறாள். வேலைக்குப் போகப் போகிறாளாம். இதெல்லாம் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இப்போது எழுதுவது அம்மாவைப் பற்றி. நேற்று போலீஸ்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து கசங்கின கவர் ஒன்றை எடுத்தாள். ஜூன் மாசம் நான் தமிழில் எழுதிச் சுருட்டி எறிந்த அதே கவர். நீவி நீவி நேராக்கி வைத்திருந்தாள். அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, "என் பூங்குழலி. சாமுண்டிபுரம். நாலாவது கிராஸ்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றேன்.

"அந்தியூருல அஞ்சாவது வரைக்கும் போனவடா நானு. இங்க வாக்கப்பட்டு வந்து பாத்தா எங்க பாத்தாலும் கன்னடம். கைநாட்டு வையின்னீங்க, வெச்சேன். யாரு கேட்டீங்க?"

அது 'என்' இல்லை, இனிஷியல் என்று சொன்னேன். "நீ என்னத்தையோ எழுதுன. எம் பூங்குழலின்னு எழுதியிருக்கறயேன்னு அன்னைக்குப் பூரா அழுதேன்டா. உனக்கு மனசு எளகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள். இன்றைக்குக் காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. மைசூர் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். கவரும் இல்லை.

அவளை உடனே திருப்பி அனுப்பு. இங்கே ஒரு வாய் சோறு பொங்க ஆள் இல்லை. புகாரில் என் பேரை மட்டுமாவது எடுத்துவிடு. எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார் வக்கீல். ஓரத்தில் எழுதியது என் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிடலாமாம். உன் ஆதார் நம்பரைக் கவின்ராஜுக்கு நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடையாது. அவன் பாஸ்வேர்டு போட்டான், அவன் பார்த்தான், அவன் தலைவிதி.

அருண்ராஜ்


மைசூரு
2.12.2024

அருண்ராஜ் அண்ணனுக்கு,

நலம். அம்மா வந்து சேர்ந்தாள், அவளும் நலம்.

பஸ் ஸ்டாண்டில் கவரை நீட்டி நீட்டிக் கேட்டிருக்கிறாள். தமிழ் எழுத்து, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவளே உரக்கப் படித்திருக்கிறாள். நாலாவது கிராஸில் ஒவ்வொரு வீடாக "என் பூங்குழலி, என் பூங்குழலி" என்று அவள் கத்திக்கொண்டு வந்தது மாடியில் எனக்குக் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். இவ்வளவுதான் உன்னிடம் சொல்வேன், மற்றது எங்களுக்கு.

அவளைத் திருப்பி அனுப்பமாட்டேன். சோறு பொங்கக் கற்றுக்கொள். மக்காச்சோள விதையைப் பற்றி அவ்வளவு தெரிந்தவனுக்கு அரிசி தெரியாதா?

உன் கடிதத்தை அம்மாவே வாங்கிப் படித்தாள். அரை நாள் ஆயிற்று. 'ஒரு சாட்சியும் கிடையாது' என்ற இடத்தில் விரலை வைத்து, மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுநாள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். நம்பினால் நம்பு, "உம் மகன்மா அவன்" என்று நான்தான் சொன்னேன். அதற்கு அவள், "அதனாலதான் நாந்தான் சொல்லோணும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அங்கே அவள் சொன்னதை, நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"பீரோல இருந்து அம்மிணி அட்டைய எடுத்து வெச்சுக்கிட்டு, போனுல ஒவ்வொரு நம்பராச் சொன்னானுங்க. ரெண்டு தடவ சொன்னான். அந்தப் பக்கம் கவினு திருப்பிச் சொன்னதும் கேட்டுது. நான் பக்கத்துல உக்காந்து பயறு பொறுக்கிட்டு இருந்தேன். எதுக்குடான்னு கேட்டேன். அம்மிணிக்குக் கவர்மென்ட்டுல ஏதோ பணம் வருதும்மான்னான். அப்பறம் பொறந்த தேதிய என்னையத்தான் கேட்டான். நான்தான் சொன்னேன்."

கடைசி வரியைச் சொன்னபோது அழுதாள். அதற்கு முன்னால் அழவில்லை.

அவள் சொன்னதைப் போலீஸ்காரர்கள் எழுதியது கன்னடத்தில் இருந்தது. தமிழில் படித்துச் சொன்னால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். நிங்கராஜு அண்ணா ஒரு தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூட்டிவந்து படிக்க வைத்தார். முழுதும் கேட்டபிறகு, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டாள். நாச்சம்மாள் என்று தமிழில் எழுதினாள். 'ச்' எழுதியபிறகு கொஞ்சம் நிறுத்தி யோசித்தாள், பிறகு சரியாக முடித்துவிட்டாள்.

நான் எதையும் வாபஸ் வாங்கமாட்டேன். அடுத்த மாதம் உனக்குச் சம்மன் வரும். வக்கீலிடம் சாட்சி இருக்கிறது என்று சொல்லிவிடு.

மலைக்காற்று ஆரம்பித்துவிட்டது, உனக்கு மார்ச்சளி பிடிக்கும், மப்ளர் இல்லாமல் வண்டி ஓட்டாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
என். பூங்குழலி